மேல்வீட்டு டாய்லெட் குழாய் உடைந்து எங்கள் வீடு நாசம், மாதாமாதம் கட்டிய இன்ஷூரன்ஸ் கை விரிக்கிறது

இர்விங்வாசி | ஞாயிறு, இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். டாலஸ் பக்கம் இர்விங்கில் ஒரு அபார்ட்மென்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம், நான், மனைவி, நாலு வயதுப் பெண். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு ராத்திரி ஒன்பதரைக்குக் கதவைத் திறந்தால் உள்ளே மழை. சொல்லுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே மழை. படுக்கையறைக் கூரையிலிருந்த ஷீட்ராக் (ஜிப்சம் பலகை) பாதி பெயர்ந்து கட்டில்மேல் விழுந்து கிடக்கிறது, விளக்கு வழியாகத் தண்ணீர் ஒழுகுகிறது, கார்பெட்டில் கால் வைத்தால் சளக் சளக். மெயின்டனன்ஸ் ஆள் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேல்வீட்டு டாய்லெட் தொட்டிக்குப் போகும் சின்னக் குழாய், அதன் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் நட் பிளந்துவிட்டதாம். அந்த வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார், எத்தனை மணி நேரம் ஓடியதோ.

மெத்தை, கட்டில், என் சொந்த லேப்டாப், குழந்தையின் புத்தகங்கள், எல்லாம் போயிற்று. மனைவியின் பட்டுப் புடவைகள் இரண்டு சூட்கேஸில் அலமாரித் தரையில் இருந்தன, பதினாறு புடவை. ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறி, பார்க்கவே முடியவில்லை. அவள் அழுதது மெத்தைக்காக இல்லை.

சனிக்கிழமை லீசிங் ஆபீஸில் கேட்டால், கூரையையும் கார்பெட்டையும் நாங்கள் சரிசெய்வோம், உங்கள் சாமான்களுக்கு உங்கள் ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸில் (வாடகைக்கு இருப்பவர் தன் சாமானுக்கு எடுப்பது) கிளெய்ம் போடுங்கள் என்கிறார்கள். சரி, வாடகையோடு மாதம் 14.50 டாலர் இன்ஷூரன்ஸ் என்று கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம் என்று அந்த நம்பருக்குப் போன் போட்டால், "இதில் உங்கள் பொருட்களுக்குக் கவரேஜ் இல்லை" என்கிறார்கள். இது எப்படி? இரண்டு நாளாக ஓட்டலில் கைக்காசு போட்டு இருக்கிறோம். யாராவது வழி சொல்லுங்கள்.

கணக்கன் | திங்கள், காலை 6:15

முதலில், எதையும் தூக்கிப் போடாதீர்கள். நாறினாலும் பரவாயில்லை, பால்கனியில் வையுங்கள். போட்டோ, வீடியோ எடுங்கள், ஒவ்வொரு பொருளின் பின்பக்க லேபிள், சீரியல் நம்பர் வரைக்கும். கூரை ஓட்டையை அவர்கள் மூடுவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் அந்த 14.50 டாலருக்கு ஏதாவது காகிதம் தந்திருப்பார்கள், இல்லையென்றால் வாடகை கட்டும் போர்ட்டலில் இருக்கும். அதில் "பர்சனல் ப்ராப்பர்ட்டி", அதாவது உங்கள் சொந்தச் சாமான், என்று ஒரு வரியும் அதற்கு எதிரே ஒரு தொகையும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எனக்கு என்னவோ சந்தேகமாக இருக்கிறது.

இர்விங்வாசி | திங்கள், காலை 9:02

பார்த்துவிட்டேன். "ப்ராப்பர்ட்டி டேமேஜ் லயபிலிட்டி 100,000 டாலர்" என்று ஒரே ஒரு வரி. பர்சனல் ப்ராப்பர்ட்டி என்ற சொல்லே இல்லை. கீழே பொடி எழுத்தில் "இது ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் அல்ல" என்று வேறு போட்டிருக்கிறது!! இரண்டு வருடமாகக் கட்டியிருக்கிறேன்.

ப்ளேனோ அத்தை | திங்கள், காலை 9:30

அடப்பாவமே. தம்பி, இதில் நீ தனியாள் இல்லை, என் தங்கை மகனும் ரிச்சர்ட்சனில் இதே மாதிரி ஏமாந்தான். குடிபுகும்போது லீஸில் "ஒரு லட்சம் டாலர் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம்" என்று இருக்கும், லயபிலிட்டி என்றால் உன் தவறால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கு. அந்தத் தேதிக்குள் நீ சொந்தமாக ஒன்று வாங்கிக் காட்டவில்லை என்றால் அவர்களே தங்கள் திட்டத்தில் உன்னைச் சேர்த்துவிட்டு வாடகையோடு பிடிப்பார்கள். அது அவர்கள் கட்டிடத்தைக் காப்பாற்ற, உன்னைக் காப்பாற்ற இல்லை. நீ அடுப்பைப் பற்றவைத்து மறந்து வீடு எரிந்தால் அவர்களுக்குக் காசு வரும், உன் மெத்தை நனைந்தால் உனக்கு ஒரு சல்லி வராது. அதே பதினைந்து இருபது டாலருக்கு வெளியில் நிஜமான பாலிசி கிடைக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

குழந்தைக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா? அந்த ஈர வீட்டில் படுக்கவிடாதே.

பழைய அட்ஜஸ்டர் | திங்கள், மதியம் 1:20

சில வருடம் கிளெய்ம் அட்ஜஸ்டராக (சேதத்தைப் பார்த்து எவ்வளவு தருவது என்று கணக்கிடும் ஆள்) இருந்தேன், பிறகு ஐடிக்கு ஓடிவந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

அபார்ட்மென்டில் தண்ணீர் வந்தால் மூன்று வேறு வேறு பையிலிருந்து காசு வர வேண்டும். சுவர், கூரை, கார்பெட் எல்லாம் கட்டிடக்காரருடைய பாலிசி. உங்கள் சாமானும், வீடு வாழ லாயக்கில்லாமல் போனால் ஓட்டல் செலவும், உங்களுடைய ரென்டர்ஸ் பாலிசி, தொழிலில் எச்ஓ-4 என்போம். யாருடைய தவறால் உடைந்ததோ அவருடைய லயபிலிட்டி மூன்றாவது. இர்விங்வாசிக்கு நடுப்பை காலி. அதனால் மூன்றாவதைத்தான் பிடிக்க வேண்டும், அது கஷ்டம், ஏனென்றால் அங்கே தவறை நிரூபிக்க வேண்டும். சொந்தப் பாலிசி இருந்திருந்தால் யார் தவறு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, கம்பெனியே பிறகு மேல்வீட்டுக்காரரையோ கட்டிடக்காரரையோ துரத்திக்கொண்டிருக்கும்.

எச்ஓ-4 ஆனாலும் வீட்டுச் சொந்தக்காரர்கள் வாங்கும் எச்ஓ-3 ஆனாலும் குழாய்த் தண்ணீர் விஷயத்தில் எல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: தண்ணீர் திடீரென்று எதிர்பாராமல் வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்ததா. குழாய் வெடித்தது, வாஷிங் மெஷின் ஓஸ் பிய்ந்தது, ஹீட்டர் தொட்டி அடி விட்டது, இவை திடீர். சிங்க்குக்கு அடியில் ஆறு மாதமாகச் சொட்டிச் சொட்டிப் பலகை உளுத்துப் போனது கசிவு. நிறைய பாலிசிகளில் "வாரக்கணக்கில், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடர்ந்து கசிந்தால் கிடையாது" என்றே வாசகம் இருக்கும், சில கம்பெனிகள் 14 நாள் என்று கோடே போட்டுவிடும்.

இன்னொன்றும் ஆட்களுக்குப் புரிவதில்லை. உடைந்த பொருளுக்குக் காசு கிடையாது, உடைந்ததால் வந்த சேதத்துக்குத்தான். எட்டு டாலர் ஓஸ் பிய்ந்து இருபதாயிரம் டாலர் மரத்தரை கெட்டால் தரைக்குத் தருவார்கள், ஓஸுக்குத் தரமாட்டார்கள். ஆனால் அந்தக் குழாயைத் தொடுவதற்குச் சுவரை உடைத்து மறுபடி பூசும் செலவு பெரும்பாலும் உண்டு. பிளம்பர் பில்லை ஒரே மொத்தமாக வாங்காமல், சுவர் உடைத்தது தனி, குழாய் மாற்றியது தனி என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

இர்விங்வாசி, உங்களுக்கு ஒரே கேள்வி. இது உடைவதற்கு முன்னால் மேல்வீட்டுக்காரர் அந்த டாய்லெட்டைப் பற்றி ஆபீஸில் புகார் ஏதாவது கொடுத்திருக்கிறாரா? அவரிடம் சண்டை போடாமல் கேளுங்கள். அவர்தான் உங்கள் சாட்சி.

சும்மா_கேட்கிறேன் | திங்கள், மதியம் 2:45

சண்டை எதற்குப் போடக்கூடாது? அவர் வீட்டுத் தண்ணீர்தானே? அவருடைய இன்ஷூரன்ஸ் கொடுக்கட்டும். நம் ஊரில் மேல்வீட்டுக்காரன்தான் பதில் சொல்லணும்.

பழைய அட்ஜஸ்டர் | திங்கள், மாலை 4:10

தண்ணீர் அவர் வீட்டிலிருந்து வந்ததாலேயே அவர் தவறு என்று ஆகாது. அவர் குளியல்தொட்டியைத் திறந்துவிட்டுத் தூங்கியிருந்தால் அவருடைய லயபிலிட்டி. டாய்லெட்டின் நட் கட்டிடக்காரர் போட்டது, கட்டிடக்காரருடைய சொத்து, அது தானாகப் பிளந்ததற்கு வாடகைக்கு இருக்கும் மனிதர் என்ன செய்வார். அவருக்கும் இவரைப் போலவே அந்த 14.50 பாலிசிதான் இருக்கும், வேண்டுமானால் பந்தயம்.

நேர்வழி | திங்கள், மாலை 6:00

எல்லோரும் ரொம்ப நல்லவர்களாக இருக்கிறீர்கள். நான் சொல்கிறேன், இன்றைக்கே ஆன்லைனில் ஒரு ரென்டர்ஸ் பாலிசி எடுங்கள், பத்து நாள் கழித்து உடைந்தது என்று கிளெய்ம் போடுங்கள். போட்டோவில் தேதி யார் பார்க்கப் போகிறார்கள். அப்படியே கசிவாக இருந்தாலும் "இன்றைக்குத்தான் பார்த்தேன், திடீரென்று" என்று சொல்லிவிட வேண்டியதுதான். அவர்கள் நம்மிடம் பிடுங்குவது தெரியாதா.

பழைய அட்ஜஸ்டர் | திங்கள், மாலை 6:25

தயவுசெய்து வேண்டாம். போட்டோவுக்குள்ளேயே தேதி இருக்கிறது, மெயின்டனன்ஸ் ரிக்கார்டில் இருக்கிறது, பக்கத்து வீட்டாருக்குத் தெரியும், பாலிசி எடுத்துப் பத்தாம் நாள் வரும் கிளெய்ம் நேராகத் தனி விசாரணைப் பிரிவின் மேசைக்குத்தான் போகும். இது மோசடி, இங்கே கிரிமினல் குற்றம். நம்மில் பாதிப் பேர் விசாவில் இருக்கிறோம் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

கசிவைத் "திடீர்" என்று சொல்வதும் செல்லாது. ஒரே தடவை நனைந்த கூரையில் ஒரே ஒரு கறை வட்டம் இருக்கும், பல தடவை நனைந்து காய்ந்ததில் மர வளையம் மாதிரி வட்டத்துக்குள் வட்டம். கார்பெட்டைத் தூக்கினால் ஓரத்தில் ஆணி அடித்த பட்டை இருக்கும், அதில் ஆணி துருப்பிடித்து மரம் கறுத்திருந்தால் அது நேற்றுத் தண்ணீர் இல்லை. நான் முதலில் பார்ப்பதே அந்த ஆணியைத்தான்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு, உண்மையில் திடீர் என்று வந்த கிளெய்மை ஆட்கள் வாயால் கெடுத்துக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் போனில் "எப்போதிலிருந்து லீக் ஆகிறது?" என்று கேட்பார்கள். நம் ஆட்கள் மரியாதைக்கு, "ரொம்ப நாளாகவே லேசாகக் கசிந்திருக்கும் போல" என்று ஊகித்துச் சொல்வார்கள். அது பதிவாகிவிடும், மறுப்புக் கடிதத்தில் அதே வாக்கியம் வந்து நிற்கும். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: "வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குப் பார்த்தேன், வியாழக்கிழமை இல்லை." தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பொய்யும் வேண்டாம், ஊகமும் வேண்டாம்.

நேர்வழி | திங்கள், மாலை 6:40

சரி சரி, சும்மா ஒரு வேகத்தில் சொன்னது. வாபஸ்.

ஃபிரிஸ்கோ வீடு | திங்கள், இரவு 8:15

இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும், ஆனால் சொந்த வீடு இருந்தாலும் நிம்மதி இல்லை என்று சொல்லத்தான். போன வருடம் சமையலறைத் தரையில் ஓர் இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. பூனை அங்கேயே போய்ப் படுத்துக்கொண்டது, நாங்கள் அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். அடுத்த மாதத் தண்ணீர் பில் மூன்று மடங்கு. வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தெருவோர மீட்டரைப் பார்த்தால் முள் சுற்றுகிறது. ஸ்லாப் லீக். கான்கிரீட் தளத்துக்கு அடியில் போகும் வெந்நீர்க் குழாய் ஓட்டை.

இந்தப் பக்கத்துக் களிமண் மழையில் வீங்கி வெயிலில் சுருங்கும், அதோடு சேர்ந்து தளமும் குழாயும் அசையும் என்று பிளம்பர் பாடம் எடுத்தார். தரையைத் தோண்ட, குழாய் மாற்ற, டைல்ஸ் போட எல்லாம் சேர்த்து 9,200 டாலர். கம்பெனி என்ன சொன்னது தெரியுமா, குழாய் வேலை 1,800 கிடையாது, மீதி 7,400-இல் டிடக்டிபிள் (முதலில் நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) போக வரும். டிடக்டிபிள் எவ்வளவு என்று பார்த்தால் 1 சதவீதம். நான் இத்தனை நாள் சேதத்தில் 1 சதவீதம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது வீட்டின் இன்ஷூரன்ஸ் தொகையில் 1 சதவீதமாம், 5 லட்சத்துக்கு 5,000 டாலர்! கையில் வந்தது 2,400.

பழைய அட்ஜஸ்டர் | திங்கள், இரவு 9:05

உங்களுக்குக் கிடைத்ததே அதிர்ஷ்டம் என்பேன். ஸ்லாப் லீக்குக்கு டெக்ஸாஸில் பல பாலிசிகள் தனியாக ஓர் எண்டார்ஸ்மென்ட் (கூடுதல் காசு கட்டிப் பாலிசியில் சேர்க்கும் இணைப்பு) இல்லாமல் ஒன்றும் தருவதில்லை. வீடு வாங்கும்போது ஏஜென்டிடம் நேராகக் கேட்க வேண்டிய கேள்வி: "தளத்துக்கு அடியில் குழாய் உடைந்தால் தோண்டும் செலவு உண்டா?" பதிலை ஈமெயிலில் வாங்குங்கள்.

பூஞ்சணமும் இப்படித்தான். 2001-இல் ஆஸ்டின் பக்கம் ட்ரிப்பிங் ஸ்பிரிங்ஸில் ஒரு வீட்டில் குழாய்க் கசிவால் பூஞ்சணம் பிடித்த வழக்கில் ஜூரி 32 மில்லியன் டாலர் கொடுத்தது. மேல்முறையீட்டில் 4 மில்லியனாகக் குறைந்தது, அது வேறு. அதையொட்டி மாநிலமெங்கும் பூஞ்சணக் கிளெய்ம் குவிந்து, 2002 முதல் கம்பெனிகள் பாலிசியில் அந்தக் கவரேஜை வெட்ட ஆரம்பித்தன. இன்றைக்கு உங்கள் பாலிசியில் இருந்தால் 5,000 டாலர் மாதிரி ஒரு சின்ன உச்சவரம்போடுதான் இருக்கும். ஈரம் இருந்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சணம் தொடங்கிவிடும், அதனால் அட்ஜஸ்டர் வரட்டும் என்று ஈரத்தை அப்படியே வைத்திருக்காதீர்கள். போட்டோ எடுத்த கையோடு உலர்த்துங்கள், ஃபேன் வாடகை ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், அது கிளெய்மில் வரும். மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை என்று பாலிசியே சொல்கிறது.

கேட்டி_காரன் | செவ்வாய், காலை 7:50

ஹூஸ்டனிலிருந்து. இங்கே நாங்கள் தண்ணீரில் முனைவர் பட்டமே வாங்கிவிட்டோம்.

2017 ஹார்வி புயலில் என் வீட்டுக்குள் முக்கால் அடித் தண்ணீர். வீட்டு இன்ஷூரன்ஸ் ஒரு டாலர் தரவில்லை, ஏனென்றால் அது தரையிலிருந்து ஏறிய வெள்ளம். வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி, மத்திய அரசுத் திட்டத்தில் கட்டிடத்துக்கு 250,000, சாமானுக்கு 100,000 வரை. வாடகைக்கு இருப்பவர்கள் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம், இது பலருக்குத் தெரியாது. ஆனால் புயல் கிளம்பிய பிறகு எடுத்தால் பிரயோஜனம் இல்லை, பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும்.

2021 பிப்ரவரியில் நேர்மாறு. கரன்ட் போய் வீடு உறைந்து மாடிக் கூரையில் குழாய் வெடித்தது. இதற்குக் கிடைத்தது! ஒரு கொக்கி இருந்தது: வீட்டைச் சூடாக வைக்க முயற்சி எடுத்தீர்களா, இல்லையென்றால் தண்ணீரை மூடிக் குழாயைக் காலி செய்தீர்களா என்று கேட்டார்கள். ஊரே இருட்டில் கிடக்கும்போது எதை வைத்துச் சூடாக்குவது? குழாயைச் சொட்டவிட்டதும், கரன்ட் போன நேரத்துக்கு வந்த மெசேஜும் போனில் இருந்தன, காட்டினேன், ஒத்துக்கொண்டார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் இந்தியா போயிருந்தார், ஹீட்டரை அணைத்துவிட்டுத் தண்ணீரை மூடாமல். அவருக்கு மறுத்துவிட்டார்கள்.

ப்ளேனோ அத்தை | செவ்வாய், காலை 10:10

இந்தியா போகும்போது தண்ணீர் மெயினை மூடிவிட்டுப் போங்கள், ஆளுக்கு ஒரு வேலை. நாங்கள் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்போம், அடுப்பைப் பார்ப்போம், தண்ணீரை மட்டும் விட்டுவிடுவோம்.

என் கதையும் ஒன்று. எங்கள் வீட்டில் சாக்கடைக் குழாய் அடைத்து, அழுக்குத் தண்ணீர் குளியலறை வழியாக மேலே வந்து ஹால்வரை போயிற்று. குழாய்த் தண்ணீர்தானே என்று போன் போட்டால், உள்ளே வரும் தண்ணீர் வேறு, திரும்பி வரும் சாக்கடை வேறு, அதற்குத் தனி எண்டார்ஸ்மென்ட் எடுக்கவில்லை என்றார்கள். அந்த எண்டார்ஸ்மென்ட் வருடத்துக்கு எனக்கு ஐம்பது டாலர் சொச்சம். ஐம்பது டாலர் மிச்சம் பிடித்து ஆறாயிரம் விட்டேன். கல்யாணப் பந்தியில் ஊறுகாய் மாதிரி இந்த எண்டார்ஸ்மென்ட், கேட்டால்தான் வைப்பார்கள்.

மடிப்பாக்கம்_மைந்தன் | செவ்வாய், காலை 10:55

அமெரிக்கா கதை கேட்டுக்கொண்டே வந்தேன், உங்களில் பலருக்கு சென்னையில் அப்பா அம்மா இருக்கும் ஃப்ளாட் இருக்கும் என்பதால் எழுதுகிறேன். 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் எல்லா ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் "பாரத் க்ருஹ ரக்ஷா" என்று ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி விற்கிறது. தண்ணீர்த் தொட்டி, குழாய் வெடிப்பதும் நிரம்பி வழிவதும் அதன் பட்டியலிலேயே இருக்கிறது, வெள்ளமும் இருக்கிறது, தனியாக எடுக்க வேண்டாம். கட்டிடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, வீட்டுச் சாமானுக்குத் தானாகவே சேரும். வாடகைக்கு இருப்பவர் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம். எடுப்பவர்தான் கிடையாது. பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில் கசிந்து கீழ்வீட்டுக் கூரை ஊறுவதற்கு மட்டும் இதை நம்ப வேண்டாம், அது அங்கே மாதிரியே இங்கேயும் கசிவுக் கணக்கு, அசோசியேஷன் மீட்டிங்கில் கத்தித்தான் தீர வேண்டும்.

இர்விங்வாசி | செவ்வாய், இரவு 10:30

எல்லோருக்கும் நன்றி, நிறையக் கற்றுக்கொண்டேன். மேல்வீட்டு அண்ணாவைப் போய்ப் பார்த்தேன், ஹைதராபாத்காரர், அவரே பயந்துபோய் இருந்தார். பழைய அட்ஜஸ்டர் அண்ணா, நீங்கள் கேட்டது சரிதான்! டாய்லெட்டுக்குப் பின்னால் சொட்டுகிறது என்று 16 நாளுக்கு முன்னாலேயே போர்ட்டலில் புகார் போட்டிருக்கிறார். "வேலை முடிந்தது" என்று குறித்து மூடியிருக்கிறார்கள், யாரும் வரவே இல்லை என்கிறார். ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டார். அவரிடமும் அதே 14.50 பாலிசிதான், பந்தயத்தில் ஜெயித்தீர்கள்.

பழைய அட்ஜஸ்டர் | செவ்வாய், இரவு 11:15

இந்த ஸ்கிரீன்ஷாட்தான் உங்கள் இன்ஷூரன்ஸ். லீஸில் "கசிவால் வரும் நஷ்டத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று வாசகம் இருக்கும், அதைக் காட்டுவார்கள், மிரளாதீர்கள். தெரிந்தும் பார்க்காமல் விட்டது அலட்சியம்.

கடிதம் எழுதுங்கள், போனில் பேச வேண்டாம். நடந்தது, அந்தப் புகாரின் தேதி, பொருள் பட்டியல், மொத்தத் தொகை, பதில் தர ஒரு கெடு, அவ்வளவுதான். கடைசியில், உங்கள் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இதை அனுப்புங்கள் என்று ஒரு வரி. சான்றஞ்சலில் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் ஜஸ்டிஸ் கோர்ட் (சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட்), டெக்ஸாஸில் 20,000 டாலர் வரை அங்கே போகலாம், வக்கீல் தேவையில்லை. அலட்சிய வழக்குக்கு 2 வருடம் கெடு.

வீடு முழுக்கவே வாழ முடியாத நிலையில் இருந்தால், ரிப்பேர் முடிவதற்கு முன் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து லீஸை முறிக்க டெக்ஸாஸ் சொத்துச் சட்டத்தில் இடம் உண்டு, வெளியேறிய நாளிலிருந்து வாடகைக் கணக்கும் திரும்ப வரும். அதே உரிமை அவர்களுக்கும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பட்டியலில் புது விலை போடுங்கள், வயதும் போடுங்கள். எதிராளியின் கம்பெனி பழைய பொருளின் இன்றைய மதிப்பைத்தான் தரும். ஐந்து வருட மெத்தைக்குப் புது மெத்தை விலை வராது. நாளைக்கு உங்களுக்கென்று பாலிசி வாங்கும்போது "ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்", அதாவது புதுப் பொருளின் விலை, உள்ளதாக வாங்குங்கள், மாதம் ஒன்றிரண்டு டாலர்தான் வித்தியாசம். அதிலும் முதலில் தேய்மானம் கழித்துக் கொடுத்துவிட்டு, நீங்கள் புதிதாக வாங்கி ரசீது காட்டினால் மீதியைத் தருவார்கள். ரசீது அனுப்ப மறந்து மீதியை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

இர்விங்வாசி | புதன், காலை 7:20

பதினாறு பட்டுப் புடவைக்கு ரசீதுக்கு எங்கே போவது? பாதி கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்தில் எடுத்தது, பாதி அம்மா, மாமியார், அத்தைமார் கொடுத்தது.

ப்ளேனோ அத்தை | புதன், காலை 7:45

கல்யாண ஆல்பம் எதற்கு இருக்கிறது? நிச்சயதார்த்தம், முகூர்த்தம், ரிசப்ஷன், வளைகாப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு புடவை. போட்டோவில் அவள் கட்டியிருக்கும் புடவையையும், இன்றைக்குச் சாயம் ஓடிக் கிடக்கும் அதே புடவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டி அனுப்பு. கடையின் வெப்சைட்டில் அதே மாதிரிப் புடவை இன்று என்ன விலை என்று ஒரு பிரின்ட். என்ன சொல்கிறீர்கள் அட்ஜஸ்டர்?

பழைய அட்ஜஸ்டர் | புதன், காலை 8:30

என்னிடம் யாரும் அப்படிக் கொண்டுவந்ததில்லை, கொண்டுவந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். வைத்திருந்ததற்குச் சாட்சி வேண்டும், ரசீதுதான் வேண்டும் என்று சட்டம் இல்லை. டிரைகிளீனரிடம் "சரிசெய்ய முடியாது" என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இர்விங்வாசி | 8 வாரம் கழித்து

கேட்டவர்களுக்காக. லீஸை முறித்துக்கொண்டு வேறு இடம் வந்துவிட்டோம், 11 நாள் வாடகையும் அட்வான்ஸும் திரும்பி வந்தன. கடிதத்தில் ஓட்டலோடு சேர்த்து 8,140 டாலர் கேட்டிருந்தேன். முதலில் பதிலே இல்லை. ஜஸ்டிஸ் கோர்ட்டில் மனு போட்ட ஒன்பதாம் நாள் அவர்களுடைய இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். புகாரின் ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி மட்டும் மூன்று தடவை கேட்டார். 5,300-க்கு முடித்துக்கொண்டோம். இன்னும் இழுத்திருக்கலாம் என்று நேர்வழி சொல்வார், தெம்பு இல்லை.

புதுப் பாலிசி எடுத்தாயிற்று, மாதம் 19 டாலர், சாமானுக்கு 40,000, ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட், சாக்கடை எண்டார்ஸ்மென்டும் கேட்டு வாங்கினேன் அத்தை.

ப்ளேனோ அத்தை | அன்றே

சமர்த்து. புடவை எத்தனை தேறியது?

இர்விங்வாசி | அன்றே

நாலு. பன்னிரண்டுக்குக் காசு வாங்கியிருக்க வேண்டும், பதினொன்றுக்குத்தான் வாங்கினோம். முகூர்த்தத்தில் கட்டிய கூரைப் புடவையைப் பட்டியலில் சேர்க்க அவள் விடவே இல்லை, அதற்கு விலை போட முடியாதாம். முந்தானை முழுக்கப் பச்சைச் சாயம் ஏறி அப்படியே இருக்கிறது. சூட்கேஸை மட்டும் இப்போது தரையில் வைப்பதில்லை, அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டோம்.